ஜப்பானிய அச்சுப் படங்களிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது?

லினோகத்தி:

லினோவில் (உளியால் செதுக்கி மை தடவி அச்செடுக்கும் லினோலியத் தகடு) கறுப்பு வெள்ளை அச்சு செய்கிறவர்களுக்கும் பொதுவாக ஓவியம் தெரிந்தவர்களுக்கும் ஒரு கேள்வி. உகியோ-எ எனப்படும் ஜப்பானிய மர அச்சுப் படங்களை இப்போது மியூசியத் தளங்களிலேயே பெரிய அளவில் பார்க்க முடிகிறது. பார்த்தவுடன் கை பரபரக்கிறது. ஆனால் உட்கார்ந்து செதுக்கினால் தாளில் வருவது அலை, செர்ரிப் பூ, ஃபூஜி மலை. வேறு யாரோ ஏற்கெனவே நூறு மடங்கு நன்றாகச் செய்துவிட்ட விஷயங்கள்.

அமெரிக்க ஓவியர் மேரி கசாட் 1890-ல் பாரிஸில் ஜப்பானிய அச்சுக் கண்காட்சியைப் பார்த்த பிறகு செய்த பத்து வண்ண அச்சுகளைத்தான் இதற்கு நேர் எதிரான உதாரணமாக எல்லோரும் காட்டுகிறார்கள். அவர் சரியாக எதை எடுத்துக்கொண்டார்? செய்முறையாகச் சொன்னால் நல்லது. இங்கே இருக்கும் வசதி: 20×30 செ.மீ. லினோ, எண்ணெய் மை, ஒரு ரோலர், தேய்க்கக் கரண்டி. பிரஸ் கிடையாது.

அப்படியே நகல் எடுத்துப் பழகுவது உதவுமா, கெடுக்குமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாமிரத்தகடு:

கசாட் மரக்கட்டையைத் தொடவே இல்லை. எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1890 ஏப்ரல், மே மாதங்களில் எக்கோல் தே போஸார் கலைப்பள்ளியில் அந்தக் கண்காட்சி நடந்தது. ஏற்பாடு செய்தவர் சீக்ஃப்ரீட் பிங் என்ற வியாபாரி. எழுநூறுக்கும் மேற்பட்ட அச்சுகள் இருந்தன. சக ஓவியர் பெர்த் மோரிசோவுக்குக் கடிதம் எழுதி, அவசியம் வந்து பார்க்கச் சொல்லும் அளவுக்குக் கசாட்டை அது உலுக்கியது. ஆனால் வீடு திரும்பியவர் கையில் எடுத்தது உளியை அல்ல, தனக்கு ஏற்கெனவே பழகிய செப்புத் தகட்டை. மரக்கட்டையில் மை தடவினால் தட்டையான நிறம் சும்மாவே வரும். செப்பில் வராது. ஒவ்வொரு தட்டையான பரப்புக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும். அப்படித் தேடிப்போனதில்தான் ஜப்பானிலும் இல்லாத, பாரிஸிலும் அதுவரை இல்லாத ஒரு மேற்பரப்பு அவருக்குக் கிடைத்தது என்பது என் கருத்து.

முறையை அவரே ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். ஒரு தகட்டில் டிரைபாயின்ட் ஊசியால் வெளிக்கோடு. அந்தக் கோட்டை மேலும் இரண்டு தகடுகளுக்கு மாற்றுவது. ஒரு படத்துக்கு அதிகபட்சம் மூன்று தகடு, அதற்கு மேல் இல்லை. நிறம் வரவேண்டிய இடத்தில் மட்டும் அக்வாடின்ட்: பிசின் தூளைத் தூவிச் சூடாக்கினால் அது தகட்டில் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும், அமிலம் அந்தப் புள்ளிகளுக்கு இடையில் அரிக்கும், அரித்த இடத்தில் மை சீராகத் தங்கும். பிறகு எந்த நிறம் எங்கே வரவேண்டுமோ அங்கே கையாலேயே அந்த மையைத் தகட்டில் இட்டு, துடைத்து, ஈரத் தாள் வைத்துப் பிரஸ்ஸில் ஓட்டுவது. மூன்று தகட்டுக்கும் ஒரே தாள். லெரோய் என்ற அச்சுக்காரர் கூட இருந்து உழைத்தார். அவர் பெயரையும் கசாட் அச்சுகளிலேயே எழுதி வைத்தார். இருவரும் நாள் முழுக்க எட்டு மணி நேரம் நின்றாலும் எட்டுப் பத்துப் பிரதிக்கு மேல் வராது. பத்துப் படம், ஒவ்வொன்றுக்கும் 25 பிரதி.

ஒரே தகட்டில் அடுத்தடுத்து இரண்டு நிறம் வைத்தால் துடைக்கும்போது ஒன்று மற்றதில் இழுபடும். அதனால் ஒட்டியிருக்கும் நிறங்களை வேறு வேறு தகட்டுக்குப் பிரிப்பார்கள். டிரைபாயின்டில் ஊசி கிளப்பும் பிசிறுதான் கோட்டுக்கு அந்த மென்மையைத் தருகிறது. பிரஸ்ஸின் அழுத்தத்தில் அது சீக்கிரம் நசுங்கிவிடும் என்பதால் இந்த வகையில் பிரதி எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே இருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'கடிதம்' என்ற அச்சைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பெண் உறையை உதட்டில் வைத்து ஈரமாக்குகிறாள். நீல உடையில் ஒரு கோலம், பின்சுவர்த் தாளில் இன்னொரு கோலம். இரண்டுக்கும் நடுவே நிழல் இல்லை, காற்று இல்லை. ஒரு கோடுதான் பிரிக்கிறது. மேசைப் பரப்பு நம் பக்கம் சரிந்து நிற்கிறது. உகியோ-எ ஓவியர் உதமாரோவிடமிருந்து எடுத்தது இவ்வளவுதான்: கோலத்தோடு கோலத்தை மோதவிடுவது, நிழல் போடாமல் உடம்பைக் காட்டுவது, தளத்தைச் சாய்ப்பது, ஓரத்தில் துணிந்து வெட்டுவது. கூடவே, பெண்கள் குளிப்பதும் தலை சீவுவதும் குழந்தையைத் தூக்குவதும் ஒரு வரிசைப் படத்துக்குப் போதுமான விஷயம் என்ற தைரியம்.

விட்டதும் அதே அளவு முக்கியம். கிமோனோ இல்லை, அழுத்தமான கறுப்பு வெளிக்கோடு இல்லை, மரத்தின் ரேகை இல்லை. அந்தக் காலப் பொது வண்டியான ஆம்னிபஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பாரிஸ் பெண், சன்னலுக்கு வெளியே செய்ன் நதிப் பாலம். வரிசையின் முதல் படமான 'குளியல்'தான் ஜப்பானிய முறைக்கு மிக அருகில் நிற்கிறது. முதல் தகட்டுக்குப் பிறகு அந்தப் பின்பற்றலை ஓரளவு விட்டுவிட்டு, சூழலின் உணர்வைப் பிடிக்கப் பார்த்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார்.

பலகைவாசம்:

தாமிரத்தகடு சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் எதை விடுவது என்று தீர்மானிக்க, முதலில் அந்த முறை கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரஸ் இல்லை என்பது இங்கே குறையே அல்ல. ஜப்பானிய மர அச்சு முழுக்கக் கையால் தேய்த்து எடுப்பதுதான். அதற்கான வட்டத் தேய்ப்பானுக்குப் பெயர் பாரென். ஒரே ஒரு சிறிய படத்தையாவது அவர்கள் முறையில் எடுத்துப் பாருங்கள், 15×20 செ.மீ. போதும்.

லினோவில் இதைச் செய்யாதீர்கள். லினோவில் ஆளி எண்ணெய் இருப்பதால் தண்ணீர் வண்ணம் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். பிர்ச் முகம் வைத்த 4 மி.மீ. பிளைவுட் வாங்குங்கள். சாதா பிளைவுட்டில் மேல் தோல் செதுக்கும்போதே பிய்ந்துவரும். எம்.டி.எஃப். தண்ணீரில் உப்பிவிடும்.

பசை: 10 கிராம் பச்சரிசி மாவை 50 மி.லி. தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்து, வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல ஆனதும் இறக்குங்கள். ஆறியபின் தயிர்ப் பதம் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

தாளை முந்தின இரவே நனைத்து வைக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு தாளை மட்டும் அகலப் பிரஷ்ஷால் நனைத்து, உலர்ந்ததோடு மாற்றி மாற்றி அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி மேலே பாரம் வையுங்கள். காலையில் தாளைக் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. நம் ஊர்க் கடற்கரை நகரங்களின் ஈரக்காற்று இந்த வேலைக்கு ஒரு வகையில் சாதகம், தாள் சீக்கிரம் காயாது. ஆனால் நனைத்த தாள் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும். இரண்டு நாளில் முடிகிற அளவுக்கு மட்டும் நனையுங்கள்.

கோட்டுக்கு ஒரு கட்டை, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. ரிஜிஸ்டர், அதாவது எல்லாக் கட்டையின் அச்சும் தாளில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, விலகாமல் இருக்க அவர்கள் செய்வது மிக எளிமையானது: கென்தோ. கட்டையிலேயே, படத்துக்கு வெளியே, வலது கீழ் மூலையில் 'ட' போல ஒரு வெட்டு; அதே கீழ் ஓரத்தில் இடப்பக்கமாக ஒரு நேர்வெட்டு. ஆழம் ஒரு மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் தாளின் ஓரம் உள்ளே மடிந்து, நிறம் ஒவ்வொரு முறையும் ஒரு முடியளவு தள்ளி விழும். கோட்டுக்கட்டையோடு சேர்த்தே கென்தோவையும் அச்செடுத்து, அந்தத் தாளைக் குப்புற ஒட்டித்தான் நிறக்கட்டைகளைச் செதுக்க வேண்டும். அப்போதுதான் எல்லாக் கட்டையிலும் குறி ஒரே இடத்தில் வரும்.

அச்செடுக்கும்போது கட்டையில் அரை டீஸ்பூன் கரைத்த வண்ணம், பட்டாணி அளவு பசை, இரண்டையும் கட்டையின் மேலேயே பிரஷ்ஷால் கலந்து பரப்பி, கடைசி இழுப்பை மரத்தின் ரேகை வாக்கில் முடியுங்கள். பொரிப்பொரியாக வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பசை குறைவு அல்லது தாள் காய்ந்துவிட்டது. நிறத்தின் ஓரத்தில் கறுத்த விளிம்பு விழுந்தால் தண்ணீர் அதிகம், வண்ணம் வெட்டின் சுவரில் தேங்குகிறது. நடு நடுவில் நிறம் விலகத் தொடங்கினால் தாள் காய்ந்து சுருங்குகிறது என்று அர்த்தம். அடுக்கை மூடி வைத்து, ஒவ்வொன்றாக மட்டும் வெளியே எடுங்கள்.

உகியோ-எ ஓவியர் ஹிரோஷிகேயின் படங்களில் வானத்தின் மேல் விளிம்பில் நீலம் அடர்ந்து கீழே கரைந்து போகிறதே, அதன் பெயர் பொகாஷி. அதைக் கட்டையில் செதுக்குவதில்லை, ஒவ்வொரு பிரதிக்கும் பிரஷ்ஷாலேயே செய்கிறார்கள். கரைய வேண்டிய பகுதியை முதலில் ஈரத்துணியால் ஒற்றி, பிரஷ்ஷின் ஒரு மூலையில் மட்டும் வண்ணம் எடுத்து, நேர்கோட்டில் முன்னும் பின்னும் இழுப்பது. இதற்காகவே பிரஷ் முடியின் நுனியைச் சுறாத்தோலில் தேய்த்துப் பிளந்து மிருதுவாக்குவார்கள். முடி முரடாக இருந்தால் வரி வரியாக விழும். நிறம் கரையாமல் வெட்டினாற்போல் நின்றால் கட்டையின் அந்தப் பகுதி காய்ந்திருக்கிறது. ஒரே முறையில் அடர்த்தி வராது. லேசாக இரண்டு மூன்று முறை ஏற்றுங்கள்.

கோட்டுருவம்:

நகல் எடுப்பது பற்றி. கெடுக்கும் என்று சொல்கிறவர்கள் வான்கோவின் 1887-ஐயும் 1888-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1887-ல் பாரிஸில் அவர் ஹிரோஷிகேயின் இரண்டு அச்சுகளை எண்ணெய் வண்ணத்தில் நகல் எடுத்தார்: காமெய்தோ பிளம் தோட்டம், பாலத்தின் மேல் திடீர் மழை. இரண்டும் ஹிரோஷிகே 1856 முதல் 1858 வரை செய்த எதோ (இன்றைய டோக்கியோ) நகரக் காட்சி வரிசையைச் சேர்ந்தவை. மேலெழுந்தவாரியான நகல் அல்ல. டிரேஸ் தாளில் படத்தை எடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக மாற்றினார். மூலம் ஒரு கைத்தாள் அளவு, மழைப்படம் 73×54 செ.மீ. நிறங்களை மூலத்தைவிடக் கடுமையாக மோதவிட்டார். சுற்றிலும் ஜப்பானிய எழுத்து போட்ட சட்டத்தைச் சேர்த்தார். அது அந்த மூலங்களில் இல்லாதது.

நகலாகப் பார்த்தால் அவை அவருடைய சிறந்த படங்கள் அல்ல. ஆனால் 1888 நவம்பரில் தென் பிரான்ஸின் ஆர்ல் ஊரில் வரைந்த 'விதைப்பவன்' படத்தைப் பாருங்கள். கறுத்த மரத்தண்டு ஒன்று படத்தின் குறுக்கே சாய்வாக, நம் மூக்குக்கு நேராக வெட்டிப் போகிறது. பின்னால் பெரிய மஞ்சள் சூரியன். அந்தத் தண்டு காமெய்தோ பிளம் மரம்தான். பூ இல்லை, தோட்டம் இல்லை, ஜப்பான் இல்லை. முன்னால் நிற்கும் பொருளைப் பெரிதாக்கிப் படத்தை இரண்டாகப் பிளக்கும் அந்த அமைப்பு மட்டும் ஐரோப்பிய உழவு நிலத்துக்கு வந்துவிட்டது. கட்டம் கட்டமாக நகல் எடுத்திராவிட்டால் அந்தத் தண்டு எத்தனை பங்கு இடத்தை அடைக்கிறது என்பது கைக்குப் பிடிபட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். கண்ணால் பார்க்கும்போது பூதான் தெரியும். அளந்து நகல் எடுக்கும்போதுதான் இடைவெளி தெரியும்.

அதனால் லினோகத்தி, நகல் எடுங்கள். ஆனால் எடுத்து முடித்ததும் அதே தாளில் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன்பொருள் எத்தனை பங்கு இடம் பிடிக்கிறது, தொடுவானம் எந்த உயரத்தில் இருக்கிறது, எத்தனை உருவங்களைச் சட்டம் வெட்டுகிறது. அடுத்த படத்துக்கு அந்த எண்களை மட்டும் எடுத்துப்போங்கள். நகலை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

காலப்பிரமாணம்:

ஓவியம் என் துறை இல்லை. ஆனால் இசையிலும் இது அச்சு அசலாக நடந்திருக்கிறது, அதே பாரிஸில், ஒரு வருடம் முன்னால். 1889 உலகக் கண்காட்சியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி ஜாவாவின் காங், உலோகக் கருவிகள் சேர்ந்த கமலான் இசையைக் கேட்டார். 1903-ல் 'பகோடாக்கள்' என்ற பியானோத் துண்டு வெளிவந்தது. கேட்கிறவர்கள் உடனே ஐந்து சுரத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் ஜாவாவின் ஸ்லேந்த்ரோ என்ற சுர அமைப்பில் ஐந்து சுரங்களும் ஏறத்தாழ சம இடைவெளி, சுமார் 240 சென்ட் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). பியானோவில் அது கிடையவே கிடையாது. அவர் பியானோவின் சுருதியை மாற்றவில்லை.

அவர் உண்மையில் கொண்டுவந்தது நேரத்தின் அடுக்கு. கமலானில் பெரிய காங் சுழற்சியின் கடைசியில் ஒரு முறை விழும். அதற்கு மேலே உள்ள கருவிகள் அதைவிட அடிக்கடி, அதற்கும் மேலே உள்ளவை இன்னும் வேகமாக. பியானோத் துண்டிலும் அடியில் ஒரு நீண்ட சுரம் பெடலில் நின்று ஒலிக்கிறது, நடுவில் மெதுவான நகர்வு, உச்சியில் சிதறும் சின்னச் சுரங்கள். கசாட்டுக்குச் செப்பு எப்படியோ அப்படி இவருக்குப் பியானோ. கருவி முடியாது என்று மறுத்த இடத்தில் ஒரு மாற்று வழி வேண்டியிருந்தது.

பெரோநீலம்:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு எப்போதும் ஜப்பானை ஒரு அசையாத ஊற்றாகவே வைத்துக்கொள்கிறது. உகியோ-எ ஓவியர் ஹொகுசாயின் பெரிய அலை, 1831 வாக்கில் வந்தது, ஐரோப்பியச் சரக்கு இல்லாமல் உருவாகியிருக்காது. அந்த நீலம் பிரஷ்யன் நீலம். பெர்லினில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்த செயற்கை நிறமி அது. தாழ்ந்த தொடுவானமும் தூரத்தில் சுருங்கிய மலையும் டச்சுக்காரர்கள் வழியாக வந்த மேற்கத்திய பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கி ஆழம் காட்டும் அமைப்பு. ஹொகுசாய் அதை எடுத்து அலைக்கு அடியில் வைத்தார். வான்கோவும் கசாட்டும் கண்டு வியந்த ஜப்பானியத்தனத்துக்குள்ளேயே இப்படி ஒரு கலப்பு இருந்தது.

திரும்பிய பயணமும் உண்டு. ஜப்பானிய அச்சுக் கலைஞர் முனகதா ஷிகோ இளமையில் ஒரு பத்திரிகையில் வான்கோவின் சூரியகாந்திப் படத்தின் அச்சைப் பார்த்துத்தான் தானும் வான்கோ ஆவேன் என்று கிளம்பினார். எண்ணெய் வண்ணத்தில் ஆரம்பித்தவர், கடைசியில் மரக்கட்டைக்கே வந்து சேர்ந்தார். 1956 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் அச்சுக்கலைக்கான பெரும் பரிசு அவருக்கு. ஆகவே யாருடையதை யார் எடுக்கிறார்கள் என்று தயங்கவே தேவையில்லை. எடுத்த இடத்தைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள், நன்றாகப் படித்துவிட்டு எடுங்கள். எனக்கு முக்கியம் இவை இரண்டும்தான்.

லினோகத்தி:

எல்லோருக்கும் நன்றி. பிளைவுட்டில் ஒரு படம் செய்து முறையைப் பழகுவது சரி. ஆனால் தாமிரத்தகடு சொன்னபடி பார்த்தால், கடைசியில் லினோவில்தானே நான் மல்லுக்கட்ட வேண்டும்? எண்ணெய் மையில் பொகாஷி மாதிரி ஏதாவது முடியுமா? கறுப்பு வெளிக்கோட்டை விட்டால் உருவம் எப்படிப் பிரியும்?

பலகைவாசம்:

முடியும், வேறு மாதிரி வரும். வேறு மாதிரி வரட்டும்.

கண்ணாடியில் ஒரு பக்கம் நீல மை, மறுபக்கம் நிறமில்லாத டிரான்ஸ்பரன்ட் பேஸ். நடுவில் ரோலரை நேர்கோட்டில் மட்டும் ஓட்டி, ஒவ்வொரு இழுப்புக்கும் பக்கவாட்டில் 5 மி.மீ. நகர்த்துங்கள். இரண்டும் நடுவில் கரையும். வெளுக்கும் பக்கத்துக்கு வெள்ளை மை போடாதீர்கள். சுண்ணாம்பு பூசியது போல மூடிவிடும், தாளின் வெளிச்சம் போய்விடும். ரோலரின் அகலம் நிறம் மங்கும் பகுதியை முழுக்க மூட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு ஒட்டுக்கோடு விழும். ஐந்தாறு பிரதி எடுத்ததும் கலவைப் பட்டை அகலமாகிவிடும், கண்ணாடியையும் ரோலரையும் துடைத்துவிட்டுப் புதிதாக இடுங்கள். மையை மெல்லிசாகப் போடுங்கள். ரோலர் ஓடும்போது ஒட்டி உரியும் சத்தம் பலமாகக் கேட்டால் மை அதிகம். தாளில் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம் விழும். மழைக்காலத்தில் எண்ணெய் மை காய நாளாகும், அடுத்த நிறத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

வெளிக்கோட்டுக்குப் பதில்: கறுப்புக் கோட்டை மேடாக விட்டுச் சுற்றிலும் செதுக்குவது மரத்தின் பழக்கம். லினோவுக்கு இயல்பாக வருவது வெள்ளைக்கோடு, ஒரே 'வி' உளியால் ஒரு இழுப்பு. கசாட்டின் வழியில், கோலத்துக்குக் கோலம் மோதும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் வெள்ளை இடைவெளி மட்டும் விடுங்கள். காட்சி உங்கள் கண்முன் தினமும் இருப்பதாக இருக்கட்டும்: டவுன் பஸ் சீட்டில் கம்பியைப் பிடித்திருக்கும் கை, கட்டம்போட்ட சேலை, பின்னால் சன்னல் கம்பி. நிழல் போடாமல், கட்டமும் கம்பியும் மட்டும் வைத்து உருவம் பிரிகிறதா என்று முதலில் கறுப்புத் தாளை வெட்டி ஒட்டிப் பாருங்கள். அதில் பிரியாதது லினோவிலும் பிரியாது.

லினோவில் கென்தோ வெட்டினால் ஓரம் நொறுங்கும். ஒரு அட்டைப் பலகையில் லினோவை ஒட்டாமல் பொருத்தி, அதன் வெளிப்புறத்தில் லினோவின் கனத்துக்கே, வழக்கமாக 3.2 மி.மீ., அட்டைத் துண்டுகளை அடுக்கி ஒட்டி, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் 'ட' மூலையும் நேர்குறியும் செய்துகொள்ளுங்கள். இரண்டாம் கட்டையையும் அதே அளவுக்கு வெட்டி அதே குழியில் வையுங்கள். குழியில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் அந்த வெள்ளை இடைவெளி ஒரு பக்கம் மூடிக்கொள்ளும், அதனால் செதுக்குவதற்கு முன்பே இரண்டு கட்டையையும் போட்டு ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.